மணல்மேட்டில் கேட்ட மூன்றாவது குரல்

என் மனைவியின் வாயை என் கையாலேயே பொத்தினேன். அவள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. எங்கிருந்தோ ஒரு குரல் எங்களைக் கூப்பிட்டது. பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். நான் பொத்திவிட்டேன். அந்தக் குரல் அப்படியே எங்கள் மகளின் குரலாக இருந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகமே வந்தது.

நம் முனியாண்டி சாமியின் பிள்ளைகளே, கோயில் திருவிழாவில் மேடை ஏறி இதைச் சொல்லும்படி கோயில் தலைவர் கேட்டார். மைக்கைப் பிடித்துப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். அதனால் விழா மலரில் எழுதித் தருகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நானே எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் மாணிக்கம். ரிங்லெட் டவுனுக்கு மேலே மலையில் இருக்கும் நம் தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவன். மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளைத் தொழிற்சாலைக்கு இறக்குவது என் வேலை. தோட்டத்தில் என்னை யாரும் மாணிக்கம் என்று கூப்பிட்டதில்லை. 'சிஐடி' என்றுதான் சொல்வார்கள். கடைக்காரர் சிரித்துப் பேசினால் இன்றைக்கு மீன் பழசு என்று நினைப்பேன். யாராவது வலிய வந்து காரில், எங்கள் பேச்சில் காடியில், ஏறிக்கொள்ளச் சொன்னால், இவனுக்கு என்னிடம் என்ன வேண்டியிருக்கிறது என்று யோசிப்பேன். கல்யாண வீட்டுப் பாயசத்தையே மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன் என்று என் மனைவி சரசு ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய்யில்லை.

காட்டில் கேட்கும் குரலைப் பற்றித் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மலர் டவுனில் இருப்பவர்கள் கைக்கும் போகுமாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. மூங்கில் குருத்துக்கோ விறகுக்கோ உள்ளே போனால் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். யாராவது கூப்பிட்டாலும் முதல் குரலுக்குப் பதில் சொல்ல மாட்டோம். இரண்டாவதற்கும் சொல்ல மாட்டோம். மனிதன் என்றால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான். மற்றதுக்கு மூன்றாவது தடவை கூப்பிட வராது. அது தெரிந்த குரலில்தான் கூப்பிடும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

என் லோரியில் கிளீனராக இருந்த ஒருவர் முதல் குரலுக்கே "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஓடைக்கு அந்தப் பக்கம் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தோம். காய்ச்சலில் கிடந்து தேறினார். யார் குரலில் கூப்பிட்டது என்று மட்டும் கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை. அதைப் பார்த்தவன் நான்.

இன்னொரு வழக்கமும் எனக்கு உண்டு. தோட்டத்துக்குத் திரும்பும் வளைவில் நம் முனியாண்டி சன்னிதி இருக்கிறதே, அந்த இடத்தில் மூன்று முறை ஹாரன் அடிக்காமல் நான் ஒரு நாளும் கடந்ததில்லை. நீளமாக மூன்று. "போய்ட்டு வர்றேன் சாமி, பார்த்துக்க" என்று அதற்கு அர்த்தம்.

எங்கள் ஒரே மகள் ரேவதி ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரில் இருக்கிறாள். மாப்பிள்ளை பிரேம் நம் நாட்டுக் கிள்ளான் டவுனில் பிறந்து வளர்ந்தவர், இப்போது அங்கே வேலை. போன ஆடி மாதம் எங்கள் இரண்டு பேரையும் அழைத்தார்கள். அங்கே அப்போது குளிர்காலம். போகும்போது முனியாண்டி சன்னிதியில் விபூதிப் பொட்டலம் ஒன்றும், சாமிக்குப் படைக்கும் சுருட்டு ஒன்றும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். விமான நிலையத்தில் அந்த ஊர் அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைப் பொடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் பொடியைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைவிடச் சந்தேகப் புத்தி உள்ள ஒருவரைப் பார்த்தேன். நெற்றியில் பூசிக் காட்டிய பிறகுதான் விட்டார்.

போய் இறங்கியதும் மாப்பிள்ளை ஒரு திட்டம் சொன்னார். அந்த நாட்டின் நடுப்பக்கத்தில் ஒரு பாலைவனத் தேசியப் பூங்காவாம். தார் ரோடு கிடையாது. மணல்மேட்டின் மேலேயே காடியை ஏற்றி இறக்கிப் போக வேண்டும். கூடாரம் போட்டுத் தூங்க வேண்டும். கடை இல்லை, வீடு இல்லை, போன் லைன் இல்லை.

"எதுக்கு மாப்பிள்ளை அங்க போகணும்?" என்று கேட்டேன்.

"சும்மா பார்க்கத்தான் மாமா. ரொம்ப அமைதியா இருக்கும்லா."

சும்மா பார்ப்பதற்கு யாராவது அவ்வளவு தூரம் போவார்களா? எனக்கு அப்போதே உறுத்தியது. சரசுவுக்குச் சர்க்கரை வியாதி. வேளைக்கு ஊசி போட்டு, உடனே சாப்பிட வேண்டும். ஆனால் அவள் மகளோடு இருந்தால் போதும் என்று கிளம்பிவிட்டாள்.

பூங்கா எல்லையில் மாப்பிள்ளை இறங்கி, நன்றாக இருந்த நான்கு டயரிலும் காற்றைத் திறந்துவிட்டார். ஆயுசு முழுக்க மலைப்பாதையில் ஓட்டியவன் நான். காற்றில்லாத டயரோடு ஒரு வளைவு திரும்ப மாட்டேன். "மணல்ல புதையாம இருக்கத்தான் மாமா" என்றார். அதை நான் நம்பவில்லை. பிறகு காடியின் முன்பக்கத்தில் உயரமான கம்பு ஒன்றை நட்டு, அதன் உச்சியில் சிவப்புக் கொடி கட்டினார். எதிரே வருகிறவர்களுக்கு மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே தெரிவதற்காம். எதிரே யார் வருகிறார்கள்? காலையிலிருந்து ஒரு ஆளைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

சாயந்திரமானால் மாப்பிள்ளை ஒரு தடியான போனை எடுத்துக்கொண்டு தனியாக மேட்டுக்கு ஏறிப் போவார். முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ தட்டுவார். இறங்கி வரும்போது போனைப் பைக்குள் வைத்துவிடுவார். "யாருக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டால் "கூட்டாளிக்கு மாமா" என்பார். எந்தக் கூட்டாளிக்குத் தினமும் பேச இவ்வளவு விஷயம் இருக்கிறது? ரேவதியிடம் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன்.

"அப்பா, உங்க சிஐடி வேலைய இங்கயும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் காடி கிளம்பும்போது மூன்று முறை நீளமாக ஹாரன் அடிக்கச் சொன்னேன். மாப்பிள்ளை சுற்றும் முற்றும் பார்த்தார்.

"இங்க யாரு மாமா கேக்கப் போறா?"

"கேக்க வேண்டியவரு கேப்பாரு. அடிங்க."

அடித்தார். மறுநாளும் அடித்தார். வேண்டாவெறுப்பாகத்தான்.

அந்தப் பூமியைப் பற்றி என்ன சொல்ல? சிவப்பு மணல்மேடுகள். ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் ஒரே திசையில் நீளமாகப் படுத்திருக்கும். இடையில் பள்ளம். பள்ளத்தில் தொட்டால் குத்தும் புல் புதரும், காய்ந்து வெடித்த களிமண் தரையும். காலைக் குளிர் மட்டும் நம் மலையில் பிரிஞ்சாங் ஊர்க் குளிர் மாதிரி இருந்தது. மற்றபடி நம் மலைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அமைதியாக இருக்கும் என்று மாப்பிள்ளை சொன்னது நிஜம். நம் மலையில் எந்த நேரமும் எங்கேயாவது தண்ணீர் ஓடுகிற சத்தம் இருக்கும். அங்கே ஒன்றுமே இல்லை. அந்த அமைதிதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. கூடாரத்தைச் சுற்றி நாயின் கால்தடம் மாதிரி தடங்கள் இருந்தன. ஆனால் ஒரு நாயையும் நாங்கள் பார்க்கவில்லை.

அன்று காலை வானம் மூடிக் கிடந்தது. ரேவதி கூடாரத்துக்கு வெளியே அடுப்பு மூட்டி நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுக்கு மிளகாய்ச் சம்பல் வதக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, இன்னும் கொஞ்ச நேரத்துல சாப்பிடலாம், ஊசி போட்டுக்குங்க" என்றாள். சரசு ஊசி போட்டுக்கொண்டாள். போட்ட பிறகுதான் அவளுக்கு ஒதுங்கப் போக வேண்டியிருந்தது.

அங்கே அதற்கென்று இடம் கிடையாது. சின்ன மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் பின்னால் போய், குழி தோண்டி மூடிவிட்டு வர வேண்டும். மாப்பிள்ளை முன்னால் மண்வெட்டியோடு நடக்க அவள் கூச்சப்பட்டுச் செத்தாள். அதைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

"கொடி தெரியிற தூரத்தைத் தாண்டிப் போகாதீங்கம்மா" என்று ரேவதி சொன்னாள்.

முதல் மேட்டைத் தாண்டினோம். திரும்பிப் பார்த்தால் மேட்டுக்கு மேலே சிவப்புக் கொடியின் நுனி ஆடிக்கொண்டிருந்தது. சரசு நின்றுவிட்டாள்.

"என்னங்க, கொடி தெரியுதே. நமக்குக் கொடி தெரிஞ்சா மாப்பிள்ளைக்கு நாம தெரிவோம்ல?"

"தெரிய மாட்டோம்லா."

"எனக்கு முடியாதுங்க. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போலாம்."

கொடி மறைகிற வரைக்கும் போனோம். எதைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்களோ, அது கண்ணில் படாத இடமாகத் தேடிப் போனோம். நம் தோட்டத்துப் பொம்பளைகள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நம் ஊரில் நாலு அடி எடுத்து வைத்தால் ஒரு புதர் மறைக்கும். அங்கே மானத்தை மறைக்க இரண்டு மேடு தாண்ட வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது அவளால் மணலில் ஏற முடியவில்லை. மூச்சு வாங்கியது. நான் ஒரு யோசனை சொன்னேன். மலை என்றால் ஏறித்தான் இறங்க வேண்டும் என்றில்லை, பள்ளத்திலேயே நடந்து சுற்றிப் போனால் அந்தப் பக்கம் வந்துவிடலாம். நம் மலையில் அப்படித்தான். எந்தக் குன்றுக்கும் ஒரு முடிவு உண்டு. எந்தப் பள்ளமும் கடைசியில் ஓடையிலோ ரோட்டிலோ கொண்டு விடும்.

அந்த மேட்டுக்கு முடிவே இல்லை. களிமண் தரையில் நடந்தோம், நடந்தோம், மேடு எங்கள் கூடவே வந்தது. தாழ்வாக ஓர் இடம் பார்த்து ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் அங்கேயும் அதே பள்ளம், அதே புல். கொடியும் இல்லை, கூடாரமும் இல்லை. களிமண்ணில் எங்கள் கால்தடம்கூட விழுந்திருக்கவில்லை. திசை பார்க்கலாமென்றால் சூரியன் மேகத்துக்குள். கூடாரம் எனக்கு வலது பக்கம் இருப்பதாக மனம் அடித்துச் சொன்னது.

கத்திக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆளில்லாத இடத்தில் மகள் பெயரைச் சொல்லிக் கத்தினால், அந்தப் பெயர் எதன் காதில் விழும் என்று யார் கண்டது? வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

சரசுவின் கை என் கையில் ஈரமாக இருந்தது. அந்தக் குளிரில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. உதடு வெளுத்துவிட்டது. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. ஊசி போட்டிருக்கிறாள், சாப்பிடவில்லை. உடம்பில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு வாய் இனிப்பு கிடைத்தால் பிழைப்பாள். கிடைக்காவிட்டால் மயங்கிவிடுவாள். மயங்கினால் அந்த மணலில் நான் என்ன செய்வேன்? பையைத் துழாவினேன். விபூதி இருந்தது. சுருட்டு இருந்தது. லைட்டர் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"தே ஓ ஒண்ணு கலக்கிக் குடுங்க, சீனி தூக்கலா" என்று பால் கலக்காத தேத்தண்ணி கேட்டாள். எங்கே இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. அவளைச் சரிவில் உட்கார வைத்து என் மேல் சாய்த்துக்கொண்டேன்.

அப்போது கேட்டது.

"அப்பா..."

ரேவதியின் குரல்தான். ஆனால் வந்த பக்கம் தப்பு. கூடாரம் வலது பக்கம் என்று நான் நிச்சயமாக நம்பியிருந்தேன். குரல் இடது பக்கமிருந்து, காற்றோடு வந்தது. அந்தப் பக்கம் யார் இருக்க முடியும்? தெரிந்த குரலில்தான் கூப்பிடும். கிளீனர் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்த கோலம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சரசு "ம்..." என்று வாயைத் திறந்தாள். பொத்தினேன்.

"அப்பா..."

இரண்டாவது. முன்னைவிட மெலிசாக, தேய்ந்துபோன மாதிரி. சரசு என் கையைத் தள்ளிவிடப் பார்த்தாள். தள்ளுவதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை. "புள்ள... கூப்புடுதுங்க" என்று என் உள்ளங்கைக்குள் முனகினாள். "இரு சரசு, இன்னொரு தடவ கூப்பிடட்டும்" என்றேன்.

காத்திருந்தேன். மூன்றாவது குரல் வரவில்லை.

எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. அந்த அமைதி மறுபடியும் வந்து மூடிக்கொண்டது. நான் நினைத்தது சரி, அது நம் பிள்ளை இல்லை என்று ஒரு மனம் சொன்னது. பாவி, பெற்ற மகளையே திருப்பி அனுப்பிவிட்டாய் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டில் எது நிஜம் என்று தெரியாமல் நான் அழுதேன். என் மடியில் சரசுவின் தலை துவண்டது. கூப்பிட்டேன், கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் வந்தது.

ஊரில் என்றால் சன்னிதிக்கு ஓடியிருப்பேன். அங்கே ஒரு கல்கூட இல்லை. கையால் மணலைக் கூட்டிக் குவித்தேன். மண்வெட்டியைச் சூலமாக நினைத்து அதில் ஊன்றினேன். ஆமாம், அதே மண்வெட்டிதான், சாமி என்னை மன்னிக்கட்டும். விபூதி முழுவதையும் அதன் மேல் கொட்டினேன். சுருட்டை எடுத்தேன். குரல் வந்த பக்கத்திலிருந்துதான் காற்றும் வீசியது. காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து பற்ற வைத்து, மணலில் செருகினேன். புகை எனக்கு எதிரே, கூடாரம் இருப்பதாக நான் நினைத்த பக்கமாக ஓடியது.

கடல் தாண்டி அவர் வருவாரா என்று அந்த நேரத்திலும் எனக்குச் சந்தேகம் வந்தது. என் புத்தி அப்படி. ஆனால் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

"ஐயா முனியாண்டி, இவள எனக்குக் குடுத்துடு. கூப்பிட்டது என் புள்ளதான்னா, இன்னொரு தடவ கூப்பிட வை. மூணாவது தடவ எனக்குக் கேக்கணும். கேட்டா நான் பதில் சொல்றேன். இனிமே உன்ன எதுவும் கேக்க மாட்டேன்."

அவ்வளவுதான் என் பிரார்த்தனை. மந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது. கையில் ஒட்டியிருந்த விபூதியைச் சரசுவின் நெற்றியில் தடவிக்கொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சுருட்டு பாதி எரிந்திருக்கும்.

குரல் வந்த அதே இடது பக்கமிருந்து ஒரு ஹாரன் சத்தம். நீளமாக. நின்றது. மறுபடியும் நீளமாக. நின்றது. இரண்டு என்று எண்ணினேன். மூன்றாவது ஹாரன் முன் இரண்டைவிடவும் நீளமாக அடித்தது.

பேய் சிரிக்கும், அழும், தெரிந்த குரலில் பேசும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஹாரன் அடித்ததாக யாரும் சொன்னதில்லை. அதுவும் நம் வளைவில் அடிக்கிற மாதிரி மூன்று. உடம்பில் எங்கிருந்து பலம் வந்ததோ தெரியாது, சரசுவைச் சரிவில் படுக்க வைத்துவிட்டு மேட்டு உச்சிக்குத் தவழ்ந்து ஏறினேன். சட்டையைக் கழற்றி வீசினேன். "இங்க இருக்கோம்! ரேவதி! இங்க இருக்கோம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பெயரையும் சொல்லிக் கத்தினேன்.

பக்கத்து மேட்டின் உச்சியில் ஓர் ஆள் நின்றார். மாப்பிள்ளை. என்னைப் பார்த்ததும் மணல் பறக்க ஓடி இறங்கி, ஏறி வந்தார். அவர் கையில் எனக்குத் தேத்தண்ணி கலக்க ரேவதி வாங்கி வைத்திருந்த இனிப்புக் கெட்டிப் பால் டின் இருந்தது. சாப்பாடு தொடாமல் கிடந்ததையும் ஊசி போட்டிருந்ததையும் பார்த்து, ரேவதிதான் அதைக் கொடுத்து அவரைத் தேட அனுப்பியிருக்கிறாள்.

மாப்பிள்ளை மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். சரசுவின் தலையைத் தூக்கித் தன் தொடையில் சாய்த்தார். டின்னுக்குள் விரலை விட்டு வழித்து, அவள் உதட்டுக்கு உள்பக்கம் ஈறில் தடவினார். "அத்த, முழுங்குங்க அத்த. கொஞ்சமா முழுங்குங்க" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். யார் கண்ணில் படக்கூடாது என்று அவள் இரண்டு மேடு தாண்டினாளோ, அவர் விரல் அவள் வாயில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் நாக்கு அசைந்தது. பிறகு தானாகவே சப்பினாள். கண்ணைத் திறந்தவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள், அவசரமாகச் சேலைத் தலைப்பைத் தேடினாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மாப்பிள்ளை அந்தத் தடியான போனை எடுத்து ஒரு டாக்டரிடம் பேசி, அடுத்து என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். போன் லைன் இல்லாத இடத்திலும் வானத்து வழியாகப் பேசுகிற போனாம் அது. தினமும் சாயந்திரம் ஒரு கூட்டாளிக்கு, இன்றைக்கு இந்த இடத்தில் இருக்கிறோம், எல்லாரும் நலம் என்று சேதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். சேதி வராவிட்டால் அந்தக் கூட்டாளி ஆள் அனுப்புவாராம். நான் சந்தேகப்பட்டது இதைத்தான்.

கூடாரத்துக்குத் திரும்பினோம். ரேவதி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். குரல் அடைத்து, காற்று மட்டும் வந்தது.

"உங்க கால்தடம் களிமண்ணுல காணாமப் போச்சுப்பா. நான் மேட்டுல ஏறி ரெண்டு தடவ கத்துனேன். தொண்ட கட்டிக்கிச்சு, அதுக்கு மேல குரலே வரல."

"நான் கேட்டேன் ஆயி. ரெண்டும் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்ப்பா..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். அவளும் நம் தோட்டத்தில் பிறந்தவள்தானே. "எனக்கு அது அப்பத் தோணலப்பா. என்ன செய்யறதுன்னே தெரியாம நின்னேன். திடீர்னு சுருட்டு வாசம் வந்துச்சு. நம்ம முனியாண்டி வளைவுல வருமே, அதே வாசம். ஒடனே நீங்க அடிக்கச் சொல்ற மூணு ஹாரன் ஞாபகம் வந்துச்சு. அப்பா மூணாவதுக்குத்தான் வாயத் தொறப்பாருன்னு அப்பதான் ஒறச்சது. காடிக்கு ஓடிட்டேன்."

நான் அவளையே பார்த்தேன். சுருட்டைப் பற்றி அவளிடம் நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

இது தற்செயல் என்று சிலர் சொல்வீர்கள். சொல்லுங்கள், எனக்குக் கோபம் இல்லை. உங்களுக்கு முன்னால் நானே அதைச் சந்தேகப்பட்டேன். சிஐடி என்ற பெயரைச் சும்மாவா வாங்கினேன்? ரேவதி நின்ற மேட்டை மாப்பிள்ளையிடம் காட்டச் சொல்லி, அங்கே ஏறி நின்று பார்த்தேன். காற்று இன்னும் மாறாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் பக்கமிருந்து எங்கள் பக்கமாக. அதனால்தான் அவள் குரல் எங்களுக்குக் கேட்டது. அதே காற்று, எங்கள் புகையை அவள் பக்கமாக ஒரு காலத்திலும் கொண்டு போயிருக்க முடியாது. என் சுருட்டுப் புகை அவளுக்கு எதிர்ப்பக்கமாக ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அவளுக்கு அந்த வாசம் எப்படி வந்தது? எல்லாவற்றையும் குடைந்து பார்க்கிறவன், இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். அந்த மேட்டிலேயே விழுந்து கும்பிட்டேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். மறுநாள் காலை காடி கிளம்பும்போது நான் சொல்லாமலே மூன்று முறை ஹாரன் அடித்தார்.

ஊருக்கு வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பெட்டிகளோடு வளைவிலேயே இறங்கினோம். பனி இறங்கி, சூலம் பாதிதான் தெரிந்தது. தேங்காய் உடைத்து, ஒரு கட்டுச் சுருட்டு வைத்துக் கும்பிட்டோம். சரசு என் வலது கையைப் பிடித்துச் சாமிக்கு முன்னால் நீட்டினாள்.

"சாமி, என் வாயப் பொத்துன கை இதுதான். நல்லா பாத்து வச்சுக்க" என்றாள். சொல்லிவிட்டு அந்தக் கையிலேயே விபூதியை வைத்தாள்.

அன்றிலிருந்து நான் மாறியிருக்கிறேன். மீனை இன்னும் மோந்துதான் வாங்குகிறேன், அதை மாற்ற முடியாது. ஆனால் மாப்பிள்ளை போன் செய்தால் எதற்குக் கூப்பிடுகிறார் என்று யோசிக்காமல் எடுக்கிறேன். வீட்டில் சரசு கூப்பிட்டால் முதல் குரலுக்கே எழுந்து போகிறேன். காட்டுக்குள் போனால் மட்டும் இன்னும் மூன்றாவது குரலுக்காகத்தான் காத்திருப்பேன். அதை விட்டுவிட்டதாகப் பொய் சொல்ல மாட்டேன்.

உங்களில் யாருக்காவது வீட்டில் கஷ்டம் இருக்கலாம். கும்பிட்டேன், பதிலே இல்லை என்று மனம் ஒடிந்திருக்கலாம். உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகாதீர்கள். இரண்டாவதோடும் நிறுத்தாதீர்கள். அந்த மணலில் மகளின் குரலைக் கேட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு அன்பில்லாமல் இல்லை. நிஜமாகவே என் பிள்ளைதானா என்று தெரிந்துகொள்ளத்தான் காத்திருந்தேன். சாமியும் நம் மலைக்காரர்தானே. இன்னொரு தடவை கூப்பிடுங்கள்.